நாலாவது சிலிண்டர்

வாங்க வந்தவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தால் கடைக்காரனுக்கு வேலை சுலபம். கூட வந்தவளுக்கு என்ன வேண்டாம் என்பது மட்டும் தெரிந்திருந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். போஹாங் துறைமுகத்துக்குப் பின்சந்தில், பாங் அண்ணாச்சியின் முக்குளிப்புச் சாமான் கடையில், அந்த நவம்பர் காலையில் நடந்தது இதுதான்.

ஜுங்பே ஒரே பிடியாக நின்றான். "எங்க அண்ணன் வாங்கினது இருக்கே, திருகி மாட்டுறது. அதே ரெகுலேட்டர் வேணும் அண்ணாச்சி." அவனுடைய அண்ணி சுனிம் அவனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் குளிருக்கு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். "அது வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒருமுறை இல்லை, நாலு முறை இப்படி ஆயிற்று.

மான்சிக் செத்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. சுனிம்மின் புருஷன், ஜுங்பேயின் அண்ணன். கொம்பாவித் துறையில் நிலைவலைக்கு மூழ்குகிற ஆள் அவன்தான். நிலைவலை என்றால் கரையிலிருந்து இழுத்து, வருஷம் முழுக்கக் கடலுக்குள்ளேயே நிற்கிற பெரிய வலை. சூரை மீனோ திருக்கையோ முட்டிக் கிழித்தால் கீழே போய்த் தைக்க வேண்டும். ஒதுங்கி வருகிற அறுந்த வலைகள் அதில் சிக்கிக்கொண்டால் வெட்டி எடுக்க வேண்டும். பதிமூன்று பாகம், எழுபத்தெட்டு அடி ஆழம், கை நீட்டினால் விரல் தெரியாத தண்ணீர். இருபத்திரண்டு வருஷம் மான்சிக் அதைச் செய்தான். அதில் பதினாறு வருஷம் மேலே படகில் உட்கார்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்தவள் சுனிம். கூலிக்கு ஆள் வைத்தால் ஆள் செல்போனைப் பார்ப்பான், பொண்டாட்டி கயிற்றைத்தான் பார்ப்பாள் என்று மான்சிக் சொல்வான்.

இப்போது வலைச் சொந்தக்காரர் ஜுங்பேயைக் கூப்பிட்டு, மாசப் பிறப்புக்குள் இறங்குகிறாயா, இல்லை வெளியூர் ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். ஜுங்பே வெல்டிங் பட்டறையை விட்டுவிட்டு வந்தான். முப்பத்தொரு வயசு, கலியாணம் ஆகவில்லை, கோடையிலெல்லாம் அண்ணன் கூடவே மூழ்கிப் பழகினவன். இறங்குகிறேன், ஆனால் கயிறு எங்க அண்ணிதான் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டான். சுனிம்மை அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அது அவளுக்கே தெரியாது.

பாங் அண்ணாச்சி பொறுமைசாலி. ஒரு காதில் கேள்வி குறைவு, சின்ன வயசில் ஆழத்தில் விட்டுவிட்டு வந்தது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற மூச்சுக்கருவிதான் ரெகுலேட்டர், அதில் இரண்டு வகையையும் கண்ணாடிப் பெட்டிமேல் எடுத்து வைத்தார். ஒன்று கவ்வி மாட்டுகிறது. சிலிண்டர் வால்வின் தலையில் வளையத்தைக் கவிழ்த்து, பின்னாலிருக்கிற குமிழைத் திருகி நெருக்க வேண்டும். இன்னொன்று வால்வின் வாய்க்குள்ளேயே மரையேற்றித் திருகுவது.

"தாயி, நீங்க சொல்றதும் சரிதான். கவ்வி பழகினது, எந்தத் துறைக்குப் போனாலும் மாட்டலாம். ஆனா தம்பி வேலை செய்யிறது வலைக்குள்ள. இந்தப் பின்பக்கத்துக் குமிழ் இருக்கு பாருங்க, வலைக்கண்ணு இதுலதான் போய்க் கொக்கி போடும். திருகி மாட்டுறதுல துருத்திக்கிட்டு நிக்கிறது எதுவும் இல்ல. இடிச்சாலும் ரப்பர் வளையம் பிதுங்காது. எம் மகனா இருந்தா நான் இதைத்தான் குடுப்பேன்."

"கேட்டீங்களா அண்ணி" என்றான் ஜுங்பே.

"கேட்டேன். வேண்டாம்."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, உங்ககிட்ட இருக்கிற சிலிண்டர் வால்வு எது என்று கேட்டார். ஜுங்பே விவரமாகச் சொன்னான். நாலு சிலிண்டர், நாலும் இரண்டுக்கும் பொருந்துகிற வால்வு. வாய்க்குள் பித்தளைக் கட்டை ஒன்று திருகியிருக்கும். கட்டை இருந்தால் கவ்வி மாட்டலாம், ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவி போட்டுக் கட்டையைக் கழற்றிவிட்டால் திருகி மாட்டலாம். அண்ணன் புதுசு வாங்கினதும் தனக்கு மூன்றில் கட்டையைக் கழற்றியிருந்தான். நாலாவதில் கழற்றவில்லை. அது அவசரத்துக்குப் படகிலேயே இருக்கிற சிலிண்டர். அதில் தன்னுடைய பழைய கவ்வி ரெகுலேட்டரை மாட்டி வைத்திருந்தான். கீழே ஏதாவது ஆனால் அப்படியே கயிற்றில் கட்டி இறக்கிவிட வேண்டியது, வாயில் வைத்து மூச்சு விட வேண்டியது.

"நானும் அதே மாதிரிதான் வெச்சுக்கப் போறேன். எனக்குப் புதுசு, படகுக்கு அண்ணனோட பழசு" என்றான் ஜுங்பே.

சுனிம் எழுந்து வெளியே போய்விட்டாள்.

கடைக்கு எதிரே மீன் காயப்போடும் மூங்கில் சட்டங்கள் வரிசையாக நின்றன. வடக்குக் காற்றில் பாதி காய்ந்த மீன்கள் எண்ணெய் வடிந்து ஆடின. அவள் அதைப் பார்க்கிற மாதிரி நின்றாள். இனி மறைப்பானேன், அவள் நெஞ்சில் இருந்ததை நாமாவது தெரிந்துகொள்வோம்.

கொம்பாவியில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் புதுச் சாமான் முதல் முதலாகப் போகிற காலையில், படகு முகப்பில் காய்ந்த மீன் ஒன்றை நூல் சுற்றி வைத்து, ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளும் அரிசிப் பணியாரமும் படைப்பார்கள். அன்றைக்குப் பழைய சாமான் அதே படகில் போகக் கூடாது. புது வலை ஏறுகிற நாளில் பழைய வலை கரையில் கிடக்கும். மூச்சுக்கருவி என்றால் பொம்பளைகள் இன்னும் கறார். ஒரு ஆளுக்கு ஒரு மூச்சுதான், இரண்டைக் காட்டினால் கடல் ஒன்றைக் கேட்கும் என்று பயம். ஆம்பளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கள்ளை மட்டும் குடிப்பார்கள். அதனால் பொம்பளைகள் அவர்களிடம் சொல்லிக்கொண்டு செய்வதில்லை.

அக்டோபரில் புது ரெகுலேட்டர் முதல் முதலாகக் கடலுக்குப் போன அந்தக் காலையில் மான்சிக் டீசல் ஊற்றப் போயிருந்தான். சுனிம் படைத்துக் கும்பிட்டுவிட்டு, நாலாவது சிலிண்டரிலிருந்து பழைய ரெகுலேட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றி, கரையில் வலைக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி பண்ணுவான், போய் எடுத்துக்கொண்டு வா என்பான். ஒரு நாள்தானே, சாயங்காலம் மாட்டிவிடலாம் என்று நினைத்தாள். அவன் நல்லதுக்குத்தான் செய்தாள், வேறெதற்கு.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கீழேயிருந்து கயிறு நாலு முறை இழுபட்டது. நாலு என்றால் காற்று அனுப்பு. இரண்டு சிலிண்டர் காலையிலேயே தீர்ந்திருந்தது, மூன்றாவது அவன் முதுகில். உடனே நாலாவது சிலிண்டரைக் கட்டி இறக்கினாள். ரெகுலேட்டர் இல்லை என்பது இறக்கும்போதே தெரியும். அவர் தன்னுடையதைக் கழற்றி இதில் மாட்டிக்கொள்வார், இருபத்திரண்டு வருஷ ஆள், இது தெரியாதா என்று நினைத்தாள். அவனுடையது திருகி மாட்டுவது, சிலிண்டரின் வாயில் கட்டை இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை. மறுபடி நாலு. மறுபடி நாலு. ரேடியோவில் கத்தினாள். வலை இழுக்கிற பெரிய படகு மறுகோடியிலிருந்து வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள், கீழே இழுப்பு நின்றுபோனதும், சிலிண்டர் இறக்கின கயிற்றை அவள் மேலே இழுத்திருந்தாள். கட்டையின் வாயெல்லாம் கத்தியால் கீறியிருந்தது. அதைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினாள்.

வலையில் சிக்கிக் காற்றுத் தீர்ந்துபோனது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதுவும் பொய் இல்லை. புது ரெகுலேட்டரை விசாரணைக்கென்று எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. பழசை அவள் அன்றைக்குச் சாயங்காலமே கொட்டகையிலிருந்து எடுத்துப் படகில் போட்டுவிட்டாள். கீறல் விழுந்த சிலிண்டரைக் கடல்பாசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தாள். ஊரே அவள் கையைப் பிடித்து அழுதது. அந்தக் கையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

இப்போது ஜுங்பே அதே மாதிரி வைத்துக்கொள்ளப் போகிறானாம். தனக்குத் திருகுவது, படகில் கவ்வுவது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று உதவாது. அவனைத் தடுக்கக் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொன்னால் எல்லாமே சொன்ன மாதிரி. கவ்வியே வாங்கிவிட்டால் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று காலையிலிருந்து மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கு அவளுக்கே கேவலமாக இருந்தது.

மத்தியானம் இருவரும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். கொதிக்கிற மீன் சாறும் சோறும் முள்ளங்கிக் கிம்ச்சியும் வந்தது. ஜுங்பே அண்ணன் மாதிரியே சோற்றைச் சாற்றில் கவிழ்த்துக் கரண்டியால் குத்தினான். சுனிம் தன் தட்டிலிருந்த மீன் துண்டை அவன் கிண்ணத்தில் வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. காத்துல பறந்துருவீங்க போல இருக்கு. அப்புறம் நான் கீழ இருந்து கயித்த இழுத்தா நீங்க வந்து விழுவீங்க, நான்தான் உங்களத் தூக்கிக்கிட்டு வரணும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அண்ணிக்கு அந்தப் புது ரெகுலேட்டர் மேல் வெறுப்பு இருப்பது தனக்குப் புரிகிறது என்றான். வாங்கின முதல் நாளே ஆளைக் கொண்டுபோனதென்று கொம்பாவியில் பேசுகிறார்கள், அவன் காதுக்கும் வந்தது. ஆனால் சாமான் மேல் தப்பில்லை, வலையில் சிக்கினால் எந்தச் சாமானும் என்ன செய்யும் என்றான். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பழசைப் படகுல வெக்கிறேன்னு சொன்னது எதுக்குன்னா, அது அண்ணன் வாய்ல வெச்சது. வாய்க்கடியில அவன் பல்லுத் தடம் இருக்கு, பாத்தீங்களா? எனக்கு மேல அது இருக்குன்னா ஒரு தைரியம், அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

சுனிம் கரண்டியை வைத்துவிட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரம்மா இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றட்டுமா என்று வந்து நின்றாள். ஊற்றுங்க என்றாள் சுனிம்.

திரும்பி வந்தபோது பாங் அண்ணாச்சி அவர்கள் வந்த லாரிக்குப் பின்னால் நின்றிருந்தார். சிலிண்டர்களைச் சோதித்துக் காற்று நிரப்பலாமென்று ஜுங்பே விடியற்காலையிலேயே ஏற்றியிருந்தான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரம். மூன்றைத்தான் ஏற்றினான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கீழே இறக்கி அடுக்கியிருந்தது நாலு.

"பாசி மூட்டைக்குப் பின்னால ஒண்ணு கெடந்துச்சு அண்ணி. எவனோ அங்க தூக்கிப் போட்டிருக்கான்" என்றான் ஜுங்பே, ஏதோ நல்ல காரியம் செய்தவனாக.

அண்ணாச்சி மூன்று சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, வால்வுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நல்லாயிருக்கு என்று ஒதுக்கினார். நாலாவதைத் திருப்பியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். கட்டையின் அறுகோணத் துளையைச் சுற்றிப் பித்தளை சிராய் சிராயாகப் பெயர்ந்திருந்தது. ஒரு இடத்தில் கத்தி முனை ஒடிந்து உள்ளேயே தங்கியிருந்தது. இடுக்கியால் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எவன்டா இது? கட்டையைக் கத்தியால நோண்டி எடுக்கப் பாத்திருக்கான். ஆலன் கீயக் கொண்டாந்து அரைச் சுத்துச் சுத்துனா வந்துட்டுப் போகுது. வேலை தெரியாத மடப்பய கையில சாமானக் குடுத்தா இப்படித்தான்."

ஜுங்பே சிரித்தான். சாராயத்தைப் போட்டுவிட்டு எவனாவது செய்திருப்பான் என்றான்.

"அவரு மடையன் இல்ல" என்றாள் சுனிம்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சந்து நடுவில் நின்றிருந்தாள், முக்காடு சரிந்து கழுத்தில் கிடந்தது.

"வேலை தெரியாதவரும் இல்ல. இருட்டுல, மூச்சில்லாம, கைல கத்தி மட்டும்தான் இருந்துச்சு. நான் எறக்குன சிலிண்டர் அது."

அப்புறம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அங்கேயே நின்றபடி, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், சந்தைக் கணக்குச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். படைத்தது, கழற்றினது, துண்டில் சுற்றினது, அவனிடம் சொல்லாதது, நாலு இழுப்பு, இறக்கினது, மறுபடி நாலு, தார்ப்பாய். கொட்டகையிலிருந்து பழசை எடுத்து ஒன்றும் நடக்காததுபோலப் படகில் போட்டதையும் விடவில்லை. அண்ணாச்சி கேள்வி குறைந்த காதைத் திருப்பிக்கொண்டு நல்ல காதால் கேட்டார். கத்தி முனையை அவருக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே மூடிக்கொண்டார்.

ஜுங்பே அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சந்தைத் தாண்டித் துறைமுகச் சுவர்ப் பக்கம் நடந்துபோனான். சுனிம் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். போய்விடுவான், இனி என்னை அண்ணி என்று கூப்பிடமாட்டான், கூப்பிடாவிட்டால் பரவாயில்லை, அவன் இரண்டு வகையையும் கலக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். பேருந்தில்கூட ஊருக்குப் போய்க்கொள்ளலாம். கால் மரத்துப்போகிற குளிர், அவளுக்கு அது உறைக்கவில்லை.

முக்கால் மணி கழித்து அவன் வந்தான். கண் சிவந்து, மூக்கு நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. நேரே அண்ணாச்சியிடம் போனான். கதவுக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். நாலாவது சிலிண்டரின் கட்டையை அண்ணாச்சி துளைபோட்டுக் கழற்றினார், கீ போட முடியாதபடி அது சிதைந்துபோயிருந்தது. மரையைத் துடைத்து, ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்தார். நாலிலும் இப்போது கட்டை இல்லை. ஜுங்பே இரண்டு பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்து ஏறினான். ஒன்றைத் தன் பக்கத்தில் வைத்தான், இன்னொன்றை அவள் மடியில் வைத்தான். இரண்டும் திருகி மாட்டுவது, ஒரே மாதிரி.

"இது படகுல சிலிண்டரோட மாட்டியே கெடக்கும். எந்தச் சாமிக்காகவும் எறக்கக் கூடாது."

"சரி."

"அண்ணனோட பழசு வீட்டுல இருக்கட்டும்."

"சரி தம்பி. கயித்துக்கு வேற ஆளப் பாத்துக்க. நான் பிடிக்க மாட்டேன்."

அவன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. துறைமுகத்தில் கணவாய் மீன் பிடிக்கிற படகுகள் விளக்குகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தன.

"நாலு நாலா எத்தன தடவ இழுத்தான்?"

"மூணு தடவ."

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லையா? கடைசியா எதுவுமே?"

சந்தில் நின்று அத்தனையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை. நாற்பத்தோரு நாளாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோதும் இல்லையென்று தலையாட்டியிருந்தாள். மடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இழுத்தாரு. சிலிண்டர் எறக்கிக் கொஞ்ச நேரம் கழிச்சு. ஒரே ஒரு தடவ."

ஜுங்பே திரும்பினான். ஒன்று என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும். கீழே வேலை செய்கிறவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம், மேலே இருக்கிறவள் பதறக் கூடாதே என்று இழுப்பது. நல்லாயிருக்கேன்.

"நானும் ஒண்ணு இழுத்துப் பதில் சொன்னேன்" என்றாள் சுனிம். "தன்னோடத அதுல மாட்டிட்டாரு, இனி பயமில்லன்னு நெனச்சேன். சிரிச்சேன் தம்பி, படகுல ஒத்தையா உக்காந்து சிரிச்சேன். மாட்டல. கட்டை கழண்டு வரலைன்னு தெரிஞ்சுட்டு, அதுக்கு மேலதான் இழுத்திருக்காரு. மேல நான் தனியா பயந்துக்கிட்டு இருப்பேன்னு."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நாற்பத்தோரு நாள் அழாத அழுகை வந்தது. ஜுங்பே ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். பாங் அண்ணாச்சி கடையிலிருந்து இரண்டடி வெளியே வந்து, லாரிக்குள் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.